அரைக் கட்டை மேலே

ஜனவரி 5, ஞாயிறு

முதல் ஞாயிறு முடிந்தது. தனா அண்ணன் தன் கடற்கரை உணவகத்தில் எனக்கும் ஜெரால்டுக்கும் சில ஞாயிற்றுக்கிழமைகளைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். மாலை நான்கு முதல் ஏழு வரை, டீப் ஹவுஸ் என்கிற நிதானமான மின்னிசை மட்டும். பிப்ரவரி பாதியில் அந்த நேரத்தை நிரந்தரமாக எங்களுக்குத் தருவதா, பெங்களூரிலிருந்து வரும் ஒரு டிஜேவுக்குத் தருவதா என்று முடிவுசெய்வார். அந்த ஆளை இன்ஸ்டாகிராமில் நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். என்னை அறுநூறு பேர். அதில் பாதிப் பேர் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் வாடிக்கையாளர்கள்.

கல்யாண மண்டபங்களில் குத்துப்பாட்டு போட்டே எட்டு வருஷம் ஓட்டியாகிவிட்டது. எனக்கென்று வாரத்தில் ஒரு நாள் வேண்டும். எனக்குப் பிடித்த பாட்டை, எனக்குப் பிடித்த வேகத்தில். வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

மேடையில் நான். எதிரே மணலில், மொத்தச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் ஒலிப் பலகைக்குப் பின்னால் ஜெரால்ட். தொப்பி எடுத்துப் போகவில்லை. கழுத்து எரிகிறது.

ஜனவரி 7, செவ்வாய்

கடையில் கூட்டம் இல்லை. என்னோடு கண் பரிசோதனை செய்யும் ஹசீனா, பாட்டு போடுவதற்கு எதற்கு இரண்டு மெஷின் என்று கேட்டாள். விளக்கினேன்.

ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதன் அடியில் நுழைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிடமாவது ஓடும். ஒன்று நிமிடத்துக்கு 120 தாள அடி, மற்றது 123 என்றால் தாளம் இடறும். ஆகவே வேகத்தைச் சமன்செய்ய வேண்டும். அது சுலபம், கால் சொல்லிவிடும். சுருதிதான் கஷ்டம். அதற்கு ஒரு சக்கரம் வைத்திருக்கிறோம், கடிகாரம் போல ஒன்று முதல் பன்னிரண்டு வரை. 8ஏ பாட்டோடு 8ஏ சேரும். பக்கத்து வீட்டு 7ஏயும் 9ஏயும் சேரும். எதிர்வீட்டைக் கூட்டி வந்தால் சண்டைதான். எந்தப் பாட்டு எந்த எண் என்று கம்ப்யூட்டரும் சொல்லும், ஆனால் அடிக்கடி கோட்டைவிடும். அதனால் ஜெரால்ட் ஒவ்வொரு பாட்டையும் கீபோர்டில் கூடவே வாசித்துப் பார்த்து எண் போட்டுத் தருகிறான். சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவன். அவன் காதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

நன்றாகச் சேர்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும் என்றாள். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்றேன்.

"இதுக்கா இவ்ளோ பாடு?" என்றாள்.

ஜனவரி 12, ஞாயிறு

இதுவரை நான் செய்ததில் இதுதான் நல்ல வாசிப்பு. எழுதிவைத்துக்கொள்கிறேன், நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

இடது காதில் ஹெட்போன், அதில் அடுத்து வரப்போகும் பாட்டு. வலது காது திறந்திருக்கும், அதில் வெளியே ஓடும் பாட்டு. இரண்டையும் தலைக்குள் ஒட்டவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன். இன்று ஒட்டவைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 7ஏயில் தொடங்கி வீடு வீடாக நகர்ந்து, வெளிச்சம் மங்கும்போது 11ஏயில் நின்றேன். ஒருவரும் திரும்பவில்லை.

தனா அண்ணன் வந்து, மூன்று மணி நேரமும் ஒரே பாட்டா என்று கேட்டார். ஜெரால்ட் திரும்பி நின்று சிரித்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 15, புதன்

காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. நேற்றுப் பொங்கலுக்கு அக்கா வீட்டில் தின்ற ஐஸ்கிரீம். ஆவி பிடித்தேன். துணி துவைத்தேன்.

ஜனவரி 16, வியாழன்

பிரிட்ஜ் விடாமல் இரைகிறது. மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

மெக்கானிக் வந்தார். பிரிட்ஜை அணைத்துவிட்டு, இப்போது பாருங்கள் என்றார். இரைச்சல் அப்படியே இருந்தது. எதிர்வீட்டு மோட்டாராக இருக்கும். வந்ததற்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

உப்புக் காற்றில் தனா அண்ணனின் ஸ்பீக்கர்கள் கெட்டுவிட்டன. ஒரு பாட்டை மட்டும் தனியாக ஓடவிட்டாலே, அது தன்னோடு தானே ஒத்துப்போகாமல் புளித்துக் கேட்கிறது. அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் வேறு வைக்கிறேன் என்றார்.

அதைவிடப் பெரிய தலைவலி ஜெரால்டின் எண்கள். 8ஏ வெளியே ஓடுகிறது, ஹெட்போனில் அவன் 8ஏ என்று எழுதித் தந்த இன்னொன்று. இரண்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஹெட்போன் பாட்டு அரைக் கட்டை மேலே நிற்கிறது. ஒன்று இரண்டல்ல, ஹெட்போனுக்குள் வருகிற எல்லாப் பாட்டும். வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் அரைக் கட்டை இறக்க மெஷினில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கியதும் இரண்டும் கச்சிதமாக ஒட்டின. மூன்று இடங்களில் அப்படிச் சமாளித்தேன்.

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இன்று காற்றும் அதிகம்.

தாளம் எங்குமே இடறவில்லை. காது சரியாக இருக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஜனவரி 21, செவ்வாய்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கண் பரிசோதனைக்கு வந்தார். எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பித்தார். அட்டையை மாற்றியதும் இரண்டாவது எழுத்திலேயே தடுமாறினார். வெளிச்சம் போதவில்லை, அட்டை பழசு, மின்விசிறிக் காற்று கண்ணில் படுகிறது என்று வரிசையாகக் காரணம் சொன்னார். முதலிலேயே வந்திருக்கலாமே ஐயா என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். இந்த மாதிரி ஆட்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

போனை ஏன் வலது பக்கம் வைத்துப் பேசுகிறாய் என்று ஹசீனா கேட்டாள். புதுத் தோடு குத்துகிறது என்றேன். தோடு பழசுதான்.

ஜனவரி 22, புதன்

ஜெரால்ட் வீட்டுக்கு வந்தான். எண்களைப் பற்றிக் கேட்டேன். கீபோர்டில் யாரோ சுருதி மாற்றும் பொத்தானைத் தட்டியிருப்பார்கள், நீ கவனிக்காமல் எல்லாவற்றையும் அரைக் கட்டை தப்பாக எழுதியிருக்கிறாய் என்றேன்.

அவன் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு, "எல்லாத்தையும் ஒரே அளவு தப்பா எழுதியிருந்தா, அதுங்க ஒண்ணோட ஒண்ணு சேரத்தான செய்யும் எழில்?" என்றான்.

வாதத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஹெட்போனில் தப்பாக இருக்கும் பாட்டு வெளியே போன பிறகு எப்படிச் சரியாகிறது என்றும் கேட்டான். மெஷினைக் கேள் என்றேன்.

"சளி புடிச்சிருந்துச்சே, காது எப்படி இருக்கு? ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமா? நானும் வரேன்."

இதுதான் எனக்குக் கோபம். அவன் தப்பைச் சொன்னால், பேச்சை என் காதுக்குக் கொண்டுபோகிறான். இன்னொரு முறை என் காதைப் பற்றிப் பேசினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சரி என்று போய்விட்டான். அவனுக்காக வறுத்த நெத்திலி அப்படியே இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

ஸ்பீக்கர்களை மாற்றியிருக்கிறார்கள். புதிதும் புளிக்கிறது. தனா அண்ணன் ஏமாந்துவிட்டார் போல.

ஜெரால்ட் இந்த வாரம் தேர்ந்தெடுத்துத் தந்த பாட்டெல்லாம் ஒரே அச்சு. தொடக்கத்தில் ஒரு நிமிடம் வெறும் தாளம், முடிவில் ஒரு நிமிடம் வெறும் தாளம். தாளத்தோடு தாளம்தான் சேருகிறது. சுருதி எங்குமே ஒன்றையொன்று தொடுவதில்லை. பொத்தானை அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. டீப் ஹவுஸ் என்றால் இரண்டு பாட்டு ஒன்றுக்குள் ஒன்று கரைய வேண்டும். இது ரயில் பெட்டி கோத்த மாதிரி இருக்கிறது. கோபத்தில் சோம்பேறித்தனம் செய்கிறான்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

ஜனவரி 28, செவ்வாய்

ஹசீனா பேசினால் அவளும் அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியும் சேர்ந்து பேசுவது போல இருக்கிறது. கடையின் கூரை தகரம், எதிரொலிக்கும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜெரால்ட் தந்த பட்டியலை எடுக்கவில்லை. என் பழைய பாட்டுகளைக் கொண்டுபோனேன். நீளமான ஆர்கன் ஒலி, பெண் குரல், எல்லாம் உருகி ஓடும் வகை. எண்கள் மட்டும் அவன் போட்டவை. அரைக் கட்டை இறக்கி இறக்கிச் சேர்த்தேன். ஹெட்போனில் எல்லாம் கச்சிதம்.

ஐந்தரை மணி இருக்கும். முன்மேசையில் ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு அவள் கணவன். பிறகு பக்கத்து மேசை. தட்டு எடுத்துப்போன பரிமாறுபவர் நடுவழியில் நின்றுவிட்டார். ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. எதிரே ஜெரால்ட் மொத்தச் சத்தத்தையும் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கேட்காமல்! அதற்குள் தனா அண்ணன் சமையலறையிலிருந்து நடந்து வந்தார்.

ஹெட்போனைக் கழற்றினேன். வழக்கமான புளிப்புதான் கேட்டது. இவர்கள் இன்று மட்டும் ஏன் திரும்புகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பயமாக இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

தனா அண்ணன் போன் செய்தார். அடுத்த ஞாயிறு பெங்களூர் ஆள் வாசிக்கிறாராம். 16ஆம் தேதி எனக்குக் கடைசி வாய்ப்பு.

"ஜெரால்ட் நேத்தே வந்து சொல்லிட்டான்மா. நம்பர் போட்டதுல அவன்தான் தப்பு பண்ணிட்டானாம். உன்மேல கோவப்பட வேணாம்னான்."

ஆக, ஒத்துக்கொண்டுவிட்டான். நான் சொன்னது சரி. இனி வர வேண்டாம் என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். 'சரி. காதைக் காட்டு' என்று பதில் வந்தது. போகும்போதுகூட விடமாட்டேன் என்கிறான்.

நான் சொன்னது சரி என்றால் மனம் ஏன் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது என்று தெரியவில்லை. அரிசி ஊறவைத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மீனவர் ஒருவர் கடைக்கு வந்தார். எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறதாம். படகு இரண்டு, நிலா இரண்டு. புதுக் கண்ணாடி போட்டுப் பார்த்தாராம், விளக்கை மாற்றிப் பார்த்தாராம். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை மூடுங்கள். ஒன்றை மூடும்போது ஒன்றாகத் தெரிந்தால், கோளாறு வெளியே இல்லை.

சொல்லி முடித்த பிறகு அடுத்த வாக்கியம் எனக்கு வரவில்லை. ஹசீனாதான் அவரைக் கவனித்து, மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மெஷின்களை இணைத்தேன். ஜெரால்ட் 8ஏ என்று எழுதிய இரண்டு பாட்டு. ஹெட்போனை வலது காதுக்கு மாற்றி, இடது காதை விரலால் இறுக அடைத்துக்கொண்டு, முதலில் ஒன்றைக் கேட்டேன், பிறகு மற்றதை. ஒரே உயரம். 9ஏ இரண்டு எடுத்தேன். ஒரே உயரம். 5ஏ. 11ஏ. எல்லாம் ஒரே உயரம். பிறகு ஒரே பாட்டை வலது காதில் ஒரு முறை, இடது காதில் ஒரு முறை கேட்டேன். இடது காதில் அது அரைக் கட்டை மேலே நின்றது. குரல் கீச்சென்று, மூக்கால் பாடுவது போல.

ஹெட்போனின் இடது பக்கம் கெட்டிருக்கலாம் என்று எழுத வந்தேன். அதையும் திருப்பி மாட்டிப் பார்த்துவிட்டேன்.

அவன் எண்களில் ஒன்றுகூடத் தப்பில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

கடைக்குப் போனேன். வந்தவர்களுக்கெல்லாம் கண் பார்த்தேன்.

பிப்ரவரி 8, சனி

காது மூக்கு தொண்டை மருத்துவர். என் வயதுதான் இருக்கும், நிதானமாகப் பேசுகிறவர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். இடது பக்கத்துக்கு நான் நெடுநேரம் ஒன்றையும் அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே அவர் எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. கேட்காமலேயே அமுக்கிவிடலாமா என்று தோன்றியது. தலைமையாசிரியர் நினைவுக்கு வந்தார்.

உள்காது திடீரென்று அடிபட்டிருக்கிறதாம். சளி காரணமாக இருக்கலாம், காரணமே இல்லாமலும் வருமாம். கேட்கும் திறன் பாதி போய்விட்டது. மீதியிலும் சுருதி விலகிவிட்டது. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். பொங்கலுக்கு மறுநாள் என்றேன்.

"முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கும். இப்பவும் ஊசி போட்டுப் பார்க்கலாம். ஆனா பெரிய நம்பிக்கை குடுக்க மாட்டேன்" என்றார். சத்தமான இடங்களுக்குப் போகிறவரா என்றும் கேட்டார். கண்ணாடிக் கடையில் வேலை என்றேன். பிறகு உண்மையைச் சொன்னேன். சத்தம் குறைவாக இருக்க வேண்டும், நல்ல காதுக்கு ஹெட்போனை மெதுவாக வைக்க வேண்டும் என்றார். வாசிக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதைத்தான் சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

ஊசியைச் செவிப்பறை வழியாகப் போட்டார். வலித்தது. பஸ்ஸில் அழுதேன். பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மாள் ஜன்னலைச் சாத்தினார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெங்களூர் ஆள் வாசிக்கும் நாள். போகவில்லை. பிரிட்ஜைத் துடைத்தேன். பாவம், அது ஒரு நாளும் இரையவே இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஜெரால்டைத் தேடி அவன் வாசிக்கும் சர்ச்சுக்குப் போனேன். ஒத்திகை முடிந்து பாடகர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இடது பக்கம் நின்றேன், என் வலது காது அவன் பக்கம் இருக்கும்படி. அதைக் கவனித்தான்.

மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். எப்போது உனக்குத் தெரிந்தது என்று கேட்டேன். அந்த மூன்றாவது ஞாயிறே சந்தேகம் வந்ததாம். வீட்டுக்கு வந்து பேசிய அன்று உறுதியாகிவிட்டதாம். அதனால்தான் இரண்டு முனையிலும் வெறும் தாளம் உள்ள பாட்டுகளாகத் தேடி எடுத்திருக்கிறான். அந்தப் பட்டியலுக்காக நான்கு நாள் சரியாகத் தூங்கவில்லை என்பதை அவன் சொல்லவில்லை, கடைக்கு வந்த அவன் தங்கை முன்பே ஹசீனாவிடம் சொல்லியிருக்கிறாள்.

நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"எனக்காகப் பாட்டத் தேடுனதுக்குப் பதிலா, என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம்ல? அன்னிக்குப் போயிருந்தா காது தப்பிச்சிருக்கும்."

"இழுத்திருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

"உன்ன வேணாம்னு அனுப்பியிருப்பேன்."

"அப்படியும் அனுப்பத்தான செஞ்ச" என்றான். பிறகு உறையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே, "நான் இழுத்திருக்கணும் எழில். நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டேன். தப்புதான்" என்றான்.

அவன் மேல் கோபமும் இருக்கிறது, அவனை விட்டால் எனக்கு ஆளும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். வெறும் தாளம் வேண்டாம், நன்றாகக் கரையும் பாட்டுகளாக எடு என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாங்கள் இருவரும் மூன்று மணிக்கே போய்விட்டோம். தனா அண்ணன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். பெங்களூர் ஆள் வைத்த சத்தத்தில் பாதிக் கூட்டம் பில் கேட்டுக் கிளம்பிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை உனக்குத்தான் என்றார். ஒரே நிபந்தனை, ஜெரால்ட் வேண்டாம். வேலையில் கவனம் இல்லாதவன், அவனே ஒத்துக்கொண்டானே என்றார்.

எட்டு வருஷமாகக் கேட்ட நாள் கையில் இருந்தது. சரி அண்ணே என்று சொன்னால் முடிந்தது. என் காதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை, மூன்று நான்கு வாரம் தாளத்தோடு தாளம் கோத்தே ஓட்டிவிடலாம்.

"தப்பு அவன் பண்ணலண்ணே. என் இடது காது போச்சு. நான்தான் எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போட்டேன். எனக்காக அவன் பழியை வாங்கிக்கிட்டான்" என்றேன்.

அவர் என் இடது காதைப் பார்த்தார், ஏதோ வெளியே தெரியும் என்பது போல.

"அப்புறம் எப்படிம்மா வாசிப்ப?"

"வேகம் எனக்குத் தெரியும். சுருதிக்கு அவன் போடற நம்பர் இருக்கு. அத நம்பிப் போடுவேன்."

"போடு, கேக்கறேன்" என்றார். மீன் வறுவல் ஒரு தட்டு வரச் சொல்லி, முன்மேசையில் போய் உட்கார்ந்தார்.

சத்தத்தைக் குறைத்துவைத்துத் தொடங்கினோம். இடது காதில் பஞ்சு, வலது காதில் ஹெட்போன். கை பழகவில்லை, இரண்டு முறை வயரில் சிக்கியது. முதல் ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போனது. ஐந்தரைக்கு 8ஏ ஒன்று வெளியே ஓடியது, நிறைய ஆர்கன், ஒரு பெண் குரல். அடுத்ததாக ஜெரால்ட் வைத்திருந்தது 9ஏ, அதிலும் நிறைய ஆர்கன். தாளத்தைப் பொருத்தினேன். அது என் காலுக்கே தெரியும். பிறகு, சுருதிப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே போகாமல், இரண்டாவதன் சத்தத்தை மெல்ல ஏற்றினேன்.

பஞ்சையும் மீறி இடது காது வந்து சொன்னது, இது தப்பு, அரைக் கட்டை தப்பு, இறக்கு என்று. வலது காது சரி என்றது. இரண்டும் தலைக்குள் சேர்ந்து புளித்தன. எது உண்மை என்று என்னால் சொல்லவே முடியவில்லை. எதிரே பார்த்தேன். ஜெரால்ட் ஒலிப் பலகையிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

இரண்டு பாட்டும் சமமான சத்தத்தில் சேர்ந்து ஓடின. மேசைகளைப் பார்த்தேன். ஒருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் ஏதோ பேசிச் சிரித்தார்கள். தனா அண்ணன் குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார், அடுத்ததைத் தேடினார். தலை நிமிரவே இல்லை.

வழக்கமாக அந்த இடத்தில் முதல் பாட்டின் சத்தத்தை இறக்கிவிடுவேன். இன்று இறக்கவில்லை. அவர் மீனைச் சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டையும் அப்படியே ஓடவிட்டேன்.